புருவத்துக்கு மேல் நாலு தையல்

வெயிலம்மாளின் முகத்தை வெளுத்தது நான்தான். பிரின்ஸ்டன் அண்ணாச்சி சொன்னார், நான் செய்தேன் என்று நழுவிவிடலாம். ஆனால் மவுஸைப் பிடித்திருந்தது என் கை. இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

அண்ணாச்சியின் ஸ்டூடியோ கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. நான் கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் வருஷம். சனி, ஞாயிறு அங்கே வேலை. பெண்களைப் படம் எடுக்க ஒரு பெண் பிள்ளை இருந்தால் நல்லது என்று அவரே வந்து வாப்பாவிடம் கேட்டார். வாப்பா பாத்திரக்கடையில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தார். மஃரிப் தொழுகைக்கு முன்னால், பொழுது அடைவதற்குள், வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார்.

ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்த முகம் வந்தாலும் வெளுக்க வேண்டும். கயத்தாறு லாரி டிரைவர், விளாத்திகுளத்தில் மிளகாய் பறிக்கிற அக்கா, கடம்பூரில் போளி போடுகிறவர், எல்லாரும் வெயிலில் வெந்தவர்கள். எல்லாரும் அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டு மைதா மாவு நிறத்தில் வெளியே வருவார்கள். அதற்கென்று கீபோர்டில் ஒரு பொத்தானையே அமைத்து வைத்திருந்தார். தட்டினால் நிறம் இரண்டு படி ஏறும், பரு மறையும், தழும்பு போகும், தோல் வழுவழுவென்று ஆகும். அந்தப் பொத்தானுக்கு அவர் வைத்த பெயர் 'பால்'. பால் ஊற்றியாச்சா என்று கேட்பார். அது செத்தவர்களுக்கு ஊற்றுவது அண்ணாச்சி என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் படம் எடுத்து, பால் ஊற்றி, சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார். உம்மா அதில் ஒரு பிரதி போட்டுக் கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளையின் மாமி டீயை வாங்கிக்கொண்டு, பொண்ணு உள்ளே இருக்கிறாளா என்று என்னிடமே கேட்டாள். உம்மா அன்றைக்கு முழுக்க அழுதாள். எனக்கு உம்மா மேலும் கோபம், மாமி மேலும் கோபம், அண்ணாச்சி மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். ஆனால் அடுத்த சனிக்கிழமை போய் அதே பொத்தானைத்தான் தட்டினேன். கோபம் வேறு, வேலை வேறு என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்தப் பருவத்தில் கல்லூரியில் எங்களிடம் மூன்று படங்கள் கேட்டார்கள். அசைவுக்கு ஒன்று, ஒளிக்கு ஒன்று, ஃபிரேமுக்கு ஒன்று. சார் காட்டிய உதாரணங்களில் எல்லாம் வெள்ளைக்காரர்கள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எவர் பனியில் சறுக்குகிறார்? ஹாக்கி மட்டையோடு ஓடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மூன்று படத்தையும் ஒரே ஆளை வைத்து எடுப்பது என்று முடிவு செய்தேன். என் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த வெயிலம்மாளைப் பிடித்தேன்.

அவள் அப்போது பிளஸ் டூ. கயத்தாறு ரோட்டில் உள்ள ஒரு கிராமம். மாயகிருஷ்ணன் கோச்சின் பெண்கள் அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறவள். நல்ல கறுப்பு, மழை பெய்த மறுநாள் கரிசல் இருக்குமே, அந்தக் கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. பதினாலு வயதில் எதிராளியின் மட்டை பட்டு நாலு தையல். தையலைப் பிரிப்பதற்கு முன்பே அடுத்த ஆட்டத்தில் இறங்கி ஒரு கோல் போட்டாள் என்று அந்தக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாநில ஜூனியர் போட்டி அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடக்க இருந்தது. அதில் தேர்வானால் அவளுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், அங்கிருந்து கல்லூரி. தேர்வாகாவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. அவள் அப்பா இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் மைதானம் கரிசல் காட்டின் நடுவே, சரள் அடித்துச் சமப்படுத்தியது. கல்லூரி கேமராவோடு காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டியில் போய்விடுவேன். முதல் வாரம் எடுத்த படங்களில் வெயிலம்மாளே இல்லை; கறுப்பாக ஏதோ ஒன்று இழுபட்டிருந்தது. ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு ஏற்றினேன். பந்து அந்தரத்தில் நின்றது, அவள் அந்தரத்தில் நின்றாள், தூசிகூட அந்தரத்தில் நின்றது. சார் பார்த்துவிட்டு, நடுரோட்டில் வைத்த சிலை மாதிரி இருக்கிறது என்றார். கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான்.

ஷட்டரை அறுபதுக்கு இறக்கிவிட்டு நானும் அவளோடு ஓட வேண்டியிருந்தது. காலால் அல்ல, இடுப்பால். பாதத்தை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, அவள் வருவதற்கு முன்பே கேமராவில் பிடித்துக் கூடவே திரும்ப வேண்டும். நடுவில் அழுத்த வேண்டும். அழுத்தின பிறகும் நிற்காமல் அவளோடு போக வேண்டும். அழுத்தினதும் வேலை முடிந்தது என்று நின்றுவிடுவதில்தான் எல்லாப் படமும் கெட்டது. இருபது நாளில் நானூறு படத்துக்கு மேல் வீணாக்கினேன்.

வெயிலம்மாள் ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவள் என் படங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் மூக்கு ஃபிரேமின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏட்டி, என்னையவே பாத்துக்கிட்டு இருக்க. நான் எங்க போவேன்னு பாரு. அங்கன எடம் விடு," என்றாள்.

இடம் விட்டேன். மறுநாள் ஒரு படம் வந்தது. பின்னால் வேலிக்கருவைப் புதரெல்லாம் கோடு கோடாக ஓட, அவள் மட்டும் தெளிவாக, முன்னால் காலி மைதானம் அவளுக்காகக் காத்திருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்து ஒளி. கேமராவுக்குக் கறுப்பு தெரியாது. கறுப்பு மண்ணைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் பற்றவில்லை என்று தானே வெளிச்சத்தைத் தூக்கிவிடும். கரிசல் சாம்பலாகிவிடும், அதன் மேல் நிற்கிற வெயிலம்மாளும் சாம்பல் பூசினவள் ஆகிவிடுவாள். கேமராவுக்குள்ளும் ஒரு பிரின்ஸ்டன் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். ஒரு படி கீழே இறக்கினேன். மண் மண்ணாக வந்தது, அவள் அவளாக வந்தாள். ஆனால் உச்சி வெயிலில் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. சார் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தூக்கினால் மறுபடியும் சாம்பல். கண்ணுக்குள் வெளிச்சம் போக வேண்டும், தோல் வெளுக்கக் கூடாது. இதற்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை ஸ்டூடியோவின் மூலையில் கிடந்தது. ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ். தாய்மாமன் படத்தைப் போட மறந்து அச்சடித்துவிட்டதால் அந்த வீட்டில் சண்டையாகித் திரும்பி வந்தது. முன்பக்கம் முப்பது சொந்தக்காரர்களின் முகம். பின்பக்கம் சுத்த வெள்ளை. அதைக் கொண்டுபோய், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி வெயிலம்மாளின் இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கோல்கீப்பரிடம் கொடுத்தேன். கீழேயிருந்து எழுந்த வெளிச்சம் அவள் கண்ணுக்குள் போய் நின்றது. நிறம் துளிகூட மாறவில்லை. கன்னத்து எலும்பு பளிச்சென்றது. புருவத்துத் தழும்பில் தையல் போட்ட இடங்கள்கூடத் தெரிந்தன. முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு, முகத்தை வெளுப்பது வேறு என்று அன்றைக்குப் படித்தேன்.

படித்து என்ன? அதே வாரம் சனிக்கிழமை வெயிலம்மாள் தன் அம்மாவோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். போட்டிக்கான அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம். முகூர்த்த சீசன், பெஞ்சில் பதினோரு பேர். நானே எடுத்தேன், நானே கம்ப்யூட்டரில் போட்டேன், கை தானாகப் போய் அந்தப் பொத்தானைத் தட்டியது. மார்க்குக்கு ஒரு முகம், அட்டைக்கு ஒரு முகம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"யாருட்டி இது? எங்க இங்கிலீஷ் மிஸ் மாதிரில்லா இருக்கு," என்று வெயிலம்மாள் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. ஒரு படத்தை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். மாயகிருஷ்ணன் கோச் அதே படத்தை வாங்கி, எட்டடி ஃப்ளெக்ஸாக அடித்து, ஊர்ப் பெரியவர் ஒருவரின் முகத்தையும் மூலையில் சேர்த்து, ஸ்டேடியம் வாசலில் கட்டினார். போட்டியின் முதல் நாள் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே மட்டையோடு நின்ற வெயிலம்மாளிடம் வெளியூர்க்காரர் ஒருவர், இந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு ஆடும் என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியோடு முடிந்தது. காலிறுதியில் வெயிலம்மாளின் அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தது, இரண்டும் அவள் போட்டது. தோற்ற அணியின் மேனேஜர் நேராக அதிகாரிகளின் மேஜைக்குப் போய், அட்டையில் இருக்கிற பிள்ளை வேறு, ஆடின பிள்ளை வேறு, ஆள் மாறாட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தகரக் கொட்டகையில் மேஜை. அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, போட்டியின் தலைமை அதிகாரி. அட்டையை ஒரு கையிலும் விண்ணப்பத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வெயிலம்மாளை நெடுநேரம் பார்த்தார். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் கோச்சே எழுதியிருந்தார்: இடது புருவத்தின் மேல் தழும்பு. அட்டைப் படத்தில் தழும்பு இல்லை. ஆதார் அட்டையை நீட்டினார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று முழித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் போனை எடுக்கவில்லை.

"இந்தப் பிள்ளை பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலை. இந்த அட்டை பொய் சொல்லுது," என்றார் அந்த அம்மா. அரையிறுதி மூன்றரை மணிக்கு. ஒரு மணிக்குள் சரியான ஆதாரம் வராவிட்டால் வெயிலம்மாள் ஆட முடியாது. தேர்வுக் குழு பார்க்கப் போவது அரையிறுதியை. அவளுக்குக் கிடைக்கிற ஒரே ஆட்டம் அதுதான்.

கோச் பிரின்ஸ்டன் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். படம் இவளுடையதுதான், ஸ்டூடியோவில் கொஞ்சம் திருத்தினோம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று கேட்டார். அண்ணாச்சி பைக்கில் வந்தார். கடிதத்தோடு அல்ல, கல்யாணப் பெண்களுக்குப் போடுகிற மேக்கப் பெட்டியோடு.

நான் சொல்வதை நம்புங்கள். படம் முகம் மாதிரி இல்லை என்றால், முகத்தைப் படம் மாதிரி ஆக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்னும் கொடுமை, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கோச் தலையை ஆட்டினார். வெயிலம்மாளின் அம்மா, ஒரு நாளைக்குத்தானே, பூசிக்கொள் என்று கெஞ்சினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து அண்ணாச்சி ஆரம்பித்தார். தழும்பை முதலில் மூடினார். பிறகு நெற்றி, பிறகு ஒரு கன்னம். பாதி முகம் அட்டையாகவும் பாதி முகம் அவளாகவும் இருந்தபோது வெயிலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"பத்து நிமிசம் ஓடுனா வேர்க்கும். வேர்த்தா ரெண்டு பேராத் தெரிவேன். நான் ஒரு ஆளு, ஒரு ஆளாத்தான் ஆடுவேன். அட்டைய மாத்துங்க, மூஞ்சிய மாத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு ஈர முகத்தோடு அப்படியே வெயிலில் போய் நின்றாள். எனக்கு வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. நான் எடுத்த ஒரிஜினல் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஸ்டூடியோ படத்தை மாற்றுகிறது என்று ஊருக்கே தண்டோரா போடப் போகிறாயா என்றார். ஊருக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். நான் ஃபோல்டரைத் திறந்து பென் டிரைவில் ஏற்றுகிற வரைக்கும் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். நானா இதை ஆரம்பித்தேன் என்று கேட்டார். ஒரு பெண்ணுக்கு உள்ளபடியே கொடுத்தபோது, படத்தைத் தன் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போனாள் என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். கண்ணாடியில் தெரிகிற முகத்துக்கு ஆசைப்பட்டு எங்கள் ஸ்டூடியோவுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் அவருடைய நியாயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை, மணி பன்னிரண்டு.

"நீ அத எடுத்துட்டுப் போனன்னா நாளைலருந்து இங்கன வராத," என்றார் கடைசியில்.

"நாளைக்கு எனக்குக் காலேஜ் அண்ணாச்சி. சனிக்கிழமையும் வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவை உருவினேன். அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. ஸ்டூடியோ விளக்குகளை அணைத்துப் போட்டு, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்த இடம் அது. வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வண்டி ஓட்டினேன்.

கொட்டகையில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். ஒரிஜினலைக் காட்டினேன். எல்லார் கண் முன்னாலும் அதை இரண்டு படி தூக்கினேன், தோலை வழுவழுப்பாக்கினேன், தழும்பைத் துடைத்தேன். அட்டையில் இருந்த முகம் வந்தது. பின்னால் கொண்டுபோனேன், வெயிலம்மாள் வந்தாள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால்.

"இதச் செஞ்சது நான்தான் மேடம். இவ கேக்கல. கேக்காமலேதான் எல்லாருக்கும் செய்யுதோம்," என்றேன்.

மேனேஜர் விடவில்லை. கம்ப்யூட்டரில் எதையும் எப்படியும் செய்யலாம், எது அசல் எது போலி என்று யார் கண்டது என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். மைதானத்தில் நான் எடுத்த படங்களைத் தேதி வாரியாகக் காட்டினேன். அதையும் நீதானே எடுத்தாய் என்றார். அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்து, தன் கண் முன்னால் இப்போதே ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்த மெமரி கார்டை எதுவும் செய்யாமல் தன் கையில் கொடுக்க வேண்டும். அதையும் ஸ்டூடியோ ஒரிஜினலையும் தானே பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தழும்பு தெளிவாக இருந்தால் ஒப்புக்கொள்வார்.

மணி பன்னிரண்டு நாற்பது. வெயில் நேர் உச்சியில் இருந்தது. கொட்டகைக்குள் இருட்டு, வெளியே அடுப்பு. வெளியே சுவரோரம் வெயிலம்மாளை நிறுத்தி ஒன்று எடுத்துப் பார்த்தேன். கண் இரண்டும் குழி. நெற்றி மேட்டின் நிழல் தழும்பின் மேல் விழுந்து அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தூக்கினால் தழும்பும் தோலும் ஒன்றாகச் சாம்பலாகிவிடும். இதை ஒரு வாரம் முழுக்கப் பார்த்தவள் நான். கீழேயிருந்து வெளிச்சம் வேண்டும். காதணி ஃப்ளெக்ஸ் அவர்கள் கிராமத்தில் கிடக்கிறது.

வாசலில் எட்டடிக்கு இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கயிற்றை அறுத்தேன். ஊர்ப் பெரியவர் முகம் இருக்கிறது, அதை அவிழ்க்காதே என்று கோச் பின்னாலேயே ஓடிவந்தார். நான் கேட்கவில்லை. வெளுத்த வெயிலம்மாளைக் கவிழ்த்துப் போட்டு வெள்ளை முதுகை மேலே திருப்பினேன். அதைச் சாய்த்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் அணிப் பிள்ளைகள் பிடித்தால் மேனேஜர் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று தயங்கினேன். அப்போது தோற்ற அணியிலிருந்தே ஒரு பெண் முன்னால் வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, ஜெர்சியெல்லாம் வேர்வை.

"நான் பிடிக்கேன். காலைல பூரா இவ பின்னாடிதான் ஓடுனேன். இவதான் ஆடுனவ. இவதான் எங்களத் தோக்கடிச்சவ. இதுல எனக்கென்ன சந்தேகம்?" என்றாள். அவள் மேனேஜர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் ஒரு முனை, எங்கள் கோல்கீப்பர் ஒரு முனை. இன்னும் கொஞ்சம் தாழ்த்து, கொஞ்சம் உள்ளே சாய் என்று நான் சொல்லச் சொல்ல, வெளிச்சம் வெயிலம்மாளின் கழுத்தில் ஏறி, தாடையில் ஏறி, கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு படி கீழே இறக்கினேன். அவள் சிரிக்கவில்லை. பெனால்டி அடிக்கப் போகிறவள் கோல்கீப்பரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அழுத்தினேன். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். கார்டைக் கழற்றி அப்படியே அந்த அம்மாவின் கையில் வைத்தேன்.

அவர் அதை லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வெயிலம்மாளை அருகில் கூப்பிட்டு, புதுப் படத்தைப் பார்த்தார், ஒரிஜினலைப் பார்த்தார், அவள் புருவத்தைப் பார்த்தார். திரையில் விரல் வைத்து வாய்விட்டே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." பிறகு புருவத்தில் எண்ணினார். நாலு. பேனாவை எடுத்தார்.

புதுப் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தைத் திரையில் பார்த்ததுமே, கொஞ்சம் பிரைட்டா வச்சிரட்டுமா என்று கேட்டார். கீபோர்டில் இருந்து கையை எடுங்க அண்ணாச்சி என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர் நிஜமாகவே கையை எடுத்துவிட்டார்.

மூன்றரைக்கு வெயிலம்மாள் இறங்கினாள். மூன்றுக்கு இரண்டு என்று எங்கள் அணி தோற்றது. அந்த இரண்டும் அவளுடையது. இரண்டாவது கோலுக்கு அவள் இடது ஓரத்தில் வெட்டி ஓடியபோது நான் கூடவே திரும்பினேன், நடுவில் அழுத்தினேன், அழுத்தின பிறகும் நிற்கவில்லை. கேலரி முழுவதும் கோடாகிப் பறக்க, அவள் மட்டும் கறுப்பாக, கூர்மையாக, முன்னால் ஓட இடத்தோடு வந்திருந்தாள். அசைவுக்கு அந்தப் படத்தைத்தான் பிறகு கல்லூரியில் கொடுத்தேன். இன்னும் ஒரு படி தூக்கலாமே என்று சார் கேட்டார். அவள் நிறம் அவ்வளவுதான் சார், தூக்க மாட்டேன் என்றேன். எண்பது போட்டார். மிச்சம் இருபது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை.

ஐந்து மணிக்குத் தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் வெயிலம்மாள். அவள் அம்மா பர்ஸைத் திறந்து அந்தப் பழைய படத்தை எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டாள்.

கோச்சுக்கு மறுபடியும் ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் வருகிறாராம், வாசலில் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம், சீக்கிரம் கட்டுங்கள் என்றார். வெயிலம்மாள் மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே ஏணியில் ஏறி நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாள். கீழே இறங்கிய பிறகுதான் கோச் நிமிர்ந்து பார்த்தார். எட்டடிக்கு வெறும் வெள்ளை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தாள்.

முதல் நாள் கேட்ட அதே வெளியூர்க்காரர் வெளியே போகிற வழியில் நின்று, என்னம்மா இதில் ஒரு படத்தையும் காணோம் என்றார்.

"ஆளு இங்கன நிக்கேன்லா, அண்ணாச்சி. என்னையப் பாருங்க," என்றாள் வெயிலம்மாள்.